தடுக்கப்பட்ட நாளில் வந்த மீன்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடலை நமக்கு வசப்படுத்தித் தந்து, அதிலுள்ளதை ஹலாலான உணவாக ஆக்கி அருளிய அல்லாஹுத்தஆலாவுக்கே எல்லாப் புகழும் உரித்தாகும். நாம் ஆலிமல்லோம். மதுரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கடையில் தராசு பிடித்ததுமே நம்முடைய படிப்பு. ஆயினும், நம்மைப் போன்ற கடைக்காரர்களிடம் நெடுநாளாகச் சொல்ல வேண்டுமென்று மனத்தில் கிடந்த ஒரு விஷயத்தை இங்கே எழுதத் துணிந்தோம். பிழையிருந்தால் பெரியோர்கள் திருத்தியருள்க.

வாரம் ஆறு நாளும் கடையில் நின்று கால் கடுக்கும் நமக்கு, ஏழாவது நாளில் ஒரு தூண்டிலும் ஓர் ஐஸ் பெட்டியும் பெரிய ஆறுதல். பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரின் கிழக்குக் கரையிலும் நம்மவர்கள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். வசதியுள்ளவர்கள் படகு பேசிக்கொண்டு ஆழக்கடலுக்கே போகிறார்கள். இதில் குற்றமொன்றும் இல்லை. கடல் வேட்டையை இறைவன் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான். இஹ்ராம் கட்டியவருக்குத் தரை வேட்டை விலக்கப்பட்டிருக்க, கடல் வேட்டை அவருக்கும் ஆகுமென்று அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ம் ஆயத்து தெளிவாக்குகிறது. ஹலாலானதை ஹராமென்று சொல்ல நாம் யார்? நாம் சொல்ல வருவது ஹலாலானதற்கும் ஒரு வரம்பு உண்டு என்பதைப் பற்றித்தான்.

முதலில் நம் குற்றத்தையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாமும் நான்கு கடைக்காரர்களும் படகு பேசிக்கொண்டு கடலுக்குப் போனோம். அன்று மீன் வாய்த்தது. போட்ட தூண்டில் வெறுமையாக வரவில்லை. இரண்டு ஐஸ் பெட்டிகள் நிறைந்தபின்னும் நாம் நிறுத்தவில்லை. உள்ளங்கை அளவுக் குஞ்சுகளையும் சாக்கில் போட்டோம். பெரிய கொடுவா ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பினோம். இரவு வீடு திரும்பி, அண்டை வீடுகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை வைக்க இடமில்லை. மறுநாள் காலை, சாக்கிலிருந்த மீன் நாறிப்போய்க் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. அந்தக் கொடுவாவை அறுத்த நம் வீட்டார், வயிறு நிறையச் சினை இருப்பதைக் கண்டு, “இது பிள்ளைத்தாச்சியாக அல்லவா இருந்திருக்கிறது!” என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று அந்த மீன் நமக்குத் தொண்டையில் இறங்கவில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் விரயம் செய்யாதீர்கள் என்ற பொருள்பட வரும் கட்டளையைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள்தாமே நாம்?

சகோதரர்களே! மீன் பிடிப்பதைக் கொண்டே ஒரு சமூகம் சோதிக்கப்பட்ட வரலாறு திருக்குர்ஆனில் இருக்கிறது. அல்அஃராப் அத்தியாயத்தின் 163-ம் ஆயத்திலிருந்து அதை ஓதலாம். கடலோரத்தில் ஓர் ஊர். செங்கடலின் வடகோடியிலிருந்த ஐலா என்று விரிவுரையாளர்களில் பலர் சொல்கின்றனர். அவ்வூரார் பனீஇஸ்ராயீல்கள். சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாதென்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஆனால், அந்தச் சனிக்கிழமையில்தான் மீன்கள் நீர்மட்டத்திற்கு மேலே தெரியும்படி திரண்டு வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. அந்த ஊரார் என்ன செய்தார்கள்? “சனிக்கிழமை பிடிக்கத்தானே தடை? வெள்ளிக்கிழமை வலையை விரித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டால் என்ன?” என்று தந்திரம் செய்தார்கள். ஒருவன் சனிக்கிழமை இரகசியமாக ஒரு மீனைப் பிடித்து, நூலால் கட்டிக் கரையில் முளையடித்து நீரிலேயே விட்டுவைத்து, மறுநாள் எடுத்துச் சமைத்தான் என்றும், அந்த வாசனை பிடித்து அண்டை வீட்டாரும் அதே வழியில் இறங்கினர் என்றும் விரிவுரை நூல்களில் ஒரு செய்தி வருகிறது. முடிவு நாமெல்லோரும் அறிந்ததே. அவர்கள் இழிவடைந்த குரங்குகளாயினர்.

அவர்கள் பிடித்த மீன் ஹராமான மீனன்று. மற்ற நாட்களில் பிடித்திருந்தால் அதே மீன் ஆகுமானதே. நாளின் வரம்பை மீறியதும், மீறவில்லை என்று தங்களுக்குத் தாங்களே கணக்குக் காட்டியதுமே குற்றமாயிற்று.

இது அந்தச் சமூகத்தோடு முடிந்துவிடவில்லை. நபி பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர்களுக்கும் இத்தகைய சோதனை வந்தது. இஹ்ராமிலிருந்த அவர்களுடைய கைக்கும் ஈட்டிக்கும் எட்டும்படி வேட்டைப் பிராணிகளை வரவிட்டு, மறைவிலும் தனக்கு அஞ்சுபவர் யார் என்று இறைவன் சோதித்ததை அல்மாயிதாவின் 94-ம் ஆயத்தில் காண்கிறோம். ஹுதைபியாப் பயணத்தில் இது நிகழ்ந்ததென்பர். கைக்கெட்டிய வேட்டையை ஒருவரும் காணாத இடத்தில் விட்டுவிடுவதே அங்கே கேட்கப்பட்ட தக்வா.

இப்பொழுது நம் காலத்துக்கு வருவோம். “அந்தக் காலத்துச் சட்டம் நமக்கில்லை. நாம் போடுவதோ ஒற்றைத் தூண்டில். இழுவைப் படகுகள் கடலையே வாரிக்கொண்டு போகும்போது, நம் தூண்டிலால் கடல் வற்றிவிடுமா?” என்று நம் நண்பர்கள் கேட்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டவர்களே. இழுவைப் படகுகளின் குற்றம் பெரிதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால், ஒற்றைத் தூண்டில்கள் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நடந்த ஒரு செய்தி பாடமாகும்.

அங்கே ஸ்டிரைப்டு பாஸ் என்றொரு மீன். வெள்ளி நிற உடம்பில் கருங்கோடுகள் ஓடும். வளர்ந்தால் ஓர் ஆளின் இடுப்புக்கு மேல் நிற்கும். வசந்த காலத்தில் செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளுக்கு வந்து முட்டையிடும். 1973-ல் வியாபாரத்திற்காக மட்டும் அங்கே பிடித்தது ஏறக்குறைய 1 கோடியே 50 இலட்சம் இராத்தல். பத்தே ஆண்டுகளில், 1983-ல், அது 35 இலட்சம் இராத்தலாக விழுந்துவிட்டது. 1984-ல் அந்நாட்டார் அதைக் காக்க ஒரு சட்டம் செய்தனர். மேரிலாந்து மாநிலத்தில் 1985 முதல் 1990 வரை, வலைக்காரரானாலும் பொழுதுபோக்குத் தூண்டில்காரரானாலும் ஒருவரும் அதைப் பிடிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டனர். மக்கள் முணுமுணுத்தாலும் பொறுத்தார்கள். பொறுத்ததன் பலன் வந்தது. 1995-ல் அந்த மீன் பழைய நிலைக்கு வந்துவிட்டதென்று அறிவித்தார்கள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்று. மீன் பெருகியதும் தூண்டிலும் பெருகியது. 2019-ல் வெளிவந்த ஆய்வு, அந்த மீன் மறுபடியும் மிகக் குறைந்துவிட்டதென்று காட்டியது. இம்முறை பெரும்பங்கு யாருடையது? 2017-ல் மனிதர் கையால் அழிந்த அந்த மீன்களில் பத்தில் ஒன்பது பங்கு, பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களால் அழிந்தவை! அதிலும் ஏறக்குறைய பாதி, பிடித்து முள்ளை எடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விட்டபின் செத்தவை. நூறு மீனை விட்டால் ஒன்பது செத்துப்போகும் என்பது அவர்கள் போடும் கணக்கு. ஒருவர் விட்டதில் ஒன்பது பெரிதல்ல. இலட்சக்கணக்கானவர் ஆண்டு முழுதும் பிடித்துப் பிடித்து விட்டால்? ஆகவே 2020-ல், கடலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரே மீன், அதுவும் 28 அங்குலத்திற்குக் குறையாமல் 35 அங்குலத்திற்கு எட்டாமல் இருக்க வேண்டுமென்று வரம்பு கட்டினார்கள். 2023-ல் அந்த மேல் வரம்பை 31 அங்குலமாகவும் இறக்கினார்கள். இரை கோத்துப் பிடிப்பவர்கள், மீனின் குடலில் ஏறாமல் வாயோரத்தில் மட்டும் மாட்டும் வளைந்த வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டுமென்றும் விதித்தார்கள்.

சிறிய மீனை விடச் சொல்வது புரிகிறது. பெரிய மீனை ஏன் விட வேண்டும்? இதை வர்த்தகர்களாகிய நமக்கு விளக்குவது எளிது. கடையில் முதல் வேறு, இலாபம் வேறு. இலாபத்தை எடுத்துச் சாப்பிடுகிறவன் கடை நிற்கும். முதலில் கைவைத்துச் சாப்பிடுகிறவன் கடைக்குப் பூட்டுத் தொங்கும். கடலில் முதலென்பது தாய் மீன்.

நாம் சியாக்காப் என்று சந்தையில் வாங்குகிற கொடுவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இறைவனின் வல்லமை பாருங்கள்! அது முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே 80 சென்டிமீட்டரைத் தாண்டிய பெருங்கொடுவா பெரும்பாலும் தாய்தான். நாம் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தோமே, அது ஒரு குடும்பத்தின் தாய். கெராப்பு என்னும் களவா மீனில் பல வகைகள் இதற்கு மாறாக முதலில் பெண்ணாக இருந்து, பெருத்தபின் ஆணாகின்றன. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் சினையிருந்தும் ஆணில்லாமல் போகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு 58 சென்டிமீட்டருக்குக் கீழும் 120-க்கு மேலும் தொடக் கூடாதென்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதன் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முதல் தேதி வரை கொடுவாவைப் பிடிக்கவே தடை. அது அந்த மீன்கள் முட்டையிட ஆற்று முகத்துவாரங்களில் கூடும் காலம். அதாவது, கையை நீட்டினால் கிடைக்கும் காலத்தில்தான் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஐலா ஊராரின் சனிக்கிழமை நினைவுக்கு வரவில்லையா? தடுக்கப்பட்ட நாளிலேதான் மீன் திரண்டு வரும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

“மார்க்கம் ஆகுமாக்கியதை அரசாங்கம் தடுக்கலாமா?” என்பது அடுத்த கேள்வி. ஆகுமான வேட்டைக்கும் எல்லையிட்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே. மதீனாவின் இரு கருங்கல் நிலங்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் புனித எல்லையாக்கி, அங்கே வேட்டையாடலாகாது, மரம் வெட்டலாகாது என்று விதித்தார்கள். கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் பொது மேய்ச்சல் நிலங்கள் காவலில் வைக்கப்பட்டன. அதற்குக் காவலராக ஹுனைய் என்பவரை நியமித்தபோது கலீபா அவர்கள் சொன்ன உபதேசம் புகாரி ஹதீதுக் கிரந்தத்தில் வருகிறது. அதன் கருத்து இது: சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் உள்ள ஏழையை உள்ளே விடு, அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப், உத்மான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே, அவர்களுடைய கால்நடை அழிந்தால் தோட்டமும் விளைநிலமும் அவர்களுக்கு உண்டு, ஏழையின் கால்நடை அழிந்தாலோ அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்து நிற்பான்.

வர்த்தகச் சகோதரர்களே! இதைச் சற்று நிதானித்து யோசியுங்கள். தடுக்கப்பட்ட அவ்விருவரும் யார்? சுவர்க்கத்திற்கு நன்மாராயம் பெற்ற பெருமக்கள். அதோடு மாபெரும் வர்த்தகர்கள், நம் தொழிலுக்கு முன்னோடிகள். அவர்கள் கெட்டவர்கள் என்பதனாலா தடுத்தார்கள்? இல்லை. அவர்களுக்கு வேறு வழியிருந்தது என்பதனால் தடுத்தார்கள். இப்பொழுது நம் கடலைப் பாருங்கள். விடியுமுன் சம்பானில் போய் வலை போட்டு, அன்றைய அரிசிக்குக் காசு கொண்டு வரும் மலாய்ச் சகோதரன் ஒரு பக்கம். மீன் கிடைக்காவிட்டாலும் திங்கட்கிழமை கடையைத் திறந்து கல்லாவில் உட்காரும் நாம் ஒரு பக்கம். கடல் வற்றினால் நமக்குப் பொழுதுபோக்குப் போகும். அவனுக்கு உலைப் பானை போகும். அவன் பங்கை நாம் விளையாட்டுக்காக வாரிவந்து குப்பையில் கொட்டினோமே, அதற்கு மறுமையில் என்ன பதில் சொல்வோம்? உமர் (ரலி) அவர்கள் இன்றைக்குக் கரையில் நின்றிருந்தால் எந்தப் படகைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்?

மலேசியாவில் 1985-ம் ஆண்டு மீன்வளச் சட்டம், வெடியாலும் விஷத்தாலும் மின்சாரத்தாலும் மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. பாயார், ரெடாங், தியோமான் போன்ற தீவுகளைச் சுற்றியுள்ள கடல், பூங்காவாகக் காக்கப்படுகிறது. அங்கே தூண்டில் போடுவதும் குற்றம். சிங்கப்பூரிலும் 2014-ல் சகோதரித் தீவுகளை அடுத்து முதல் கடற்பூங்கா ஏற்பட்டது. “காவல் படகு இப்போது வராது, வாருங்கள், எல்லைக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்” என்று படகுக்காரர் கூப்பிடுவதுண்டு. அந்தச் சமயத்தில் நமக்கு நினைவு வர வேண்டியது காவல் படகன்று, அல்மாயிதாவின் அந்த ஆயத்து. பொது நன்மைக்காக ஆட்சியாளர் இடும் ஆகுமான கட்டளைக்குக் கீழ்ப்படிவது மார்க்கத்தில் உள்ளதே. சட்டம் அளவு சொல்லாத இடத்தில் நம் ஈமான் அளவு சொல்லட்டும். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களுக்குக் கேடுதான் என்று ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கும்போது, மீனின் வாலை இழுத்துப் பிடித்து நீளம் காட்டுவதும் அந்த மோசத்தில் சேராதா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதுவே முக்கியமானது. ஐலா ஊரில் மூன்று கூட்டத்தார் இருந்ததாகத் திருமறை காட்டுகிறது. மீறியவர்கள் ஒரு கூட்டம். வேண்டாமென்று தடுத்தவர்கள் ஒரு கூட்டம். “அழியப் போகிறவர்களுக்கு ஏன் உபதேசம்?” என்று தடுத்தவர்களைக் கேட்டவர்கள் ஒரு கூட்டம். தீமையைத் தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்களென்று ஆயத்து வெளிப்படையாகச் சொல்கிறது. மௌனமாயிருந்தவர்களின் முடிவைச் சொல்லவில்லை. இது நம்மை அச்சுறுத்த வேண்டாமா? நாம் ஐந்து பேர் போன அந்தப் படகில், “போதும் காக்கா, பெட்டி நிறைந்துவிட்டது” என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்தச் சாக்கு நாறியிருக்காது. எல்லோர் மனத்திலும் இருந்தது. ஒருவர் வாயிலும் வரவில்லை. படகுக் கூலி கொடுத்தாயிற்றே என்ற எண்ணமும், நண்பர் முகம் சுளிப்பாரே என்ற கூச்சமும் நாவைக் கட்டிவிட்டன. கப்பலின் கீழ்த்தட்டில் உள்ளவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் ஓட்டை போட, மேல்தட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லோரும் மூழ்குவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்களே, அது நம்மைப் போன்றவர்களுக்காகத்தானே!

ஆகவே, நாம் நமக்கென்று சில முறைகளை வைத்துக்கொண்டோம். சகோதரர்களுக்கும் அவற்றைச் சிபாரிசு செய்கிறோம்.

முதலாவது, புறப்படுமுன் நிய்யத்து. வீட்டுக்கு எத்தனை மீன் வேண்டுமோ அதைக் கரையிலேயே பேசி முடித்துக்கொள்ளுதல். அந்த எண்ணிக்கை வந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுதல். இரண்டாவது, குஞ்சையும் சினைப் பட்ட பெருந்தாயையும் உடனே விட்டுவிடுதல். விடும்போது கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மெல்ல எடுத்து, படத்துக்காகத் தாமதிக்காமல் நீரில் இறக்க வேண்டும். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் பிடுங்காமல் நூலை அறுத்துவிடுவது மேல். மூன்றாவது, வேடிக்கைக்காகவே பிடித்துப் பிடித்து விடும் விளையாட்டை ஒழித்தல். உயிருள்ளதைக் குறிவைத்து விளையாடுவதை நம் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நான்காவது, எல்லைக்கு உட்பட்ட இடத்திற்கும் தடுக்கப்பட்ட காலத்திற்கும் மரியாதை கொடுத்தல். ஐந்தாவது, கூட வந்தவர் மறந்தால் அன்போடு நினைவூட்டுதல். நமக்கு ஒருவர் நினைவூட்டினால் கோபிக்காமல் ஏற்றுக்கொள்ளுதல்.

போன மாதம் நம் மகனை அழைத்துக்கொண்டு கரையோரம் போயிருந்தோம். ஒரு சிறு களவாதான் அகப்பட்டது. அவன் ஆசையோடு பார்த்தான். “இன்னும் வளரட்டும், வாப்பா” என்று சொல்லி அவன் கையாலேயே விடச் சொன்னோம். கொஞ்சம் முகம் வாடினான். பிறகு நீருக்குள் அது மறையும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் பெட்டியோடு வீடு வந்தோம். அல்லாஹ் அறிவான், அன்றைக்கு உண்ட பருப்பாணத்தில் பரக்கத் இருந்தது.

யா அல்லாஹ்! நீ ஆகுமாக்கியதை வரம்போடு உண்ணும் நல்லறிவை எங்களுக்குத் தருவாயாக! ஒருவரும் காணாத கடலிலும் உன்னை அஞ்சும் உள்ளத்தைத் தருவாயாக! ஏழையின் பங்கை விளையாட்டாக விரயம் செய்த எங்கள் பிழையைப் பொறுத்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் தூண்டிலோடு கரைக்கு வரும் நாளில், கடலில் அவர்களுக்கும் மீன் இருக்கும்படி கிருபை செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.